என் வாயில் வராத வரி

கர்த்தருக்குள் பிரியமான என் தம்பி மகனும் போதகருமாகிய உனக்கு, அத்தை எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் ஒருவரை ஒருவர் பிரியாமல் சுகமாக இருக்கிறோம். நீயும் உன் மனைவி மக்களும் சபையாரும் வலி மட்டும் இல்லாமல் சுகமாயிருக்க வேண்டுகிறேன். எட்டு வயதில் நீ என் மூக்குக்கண்ணாடி மேல் உட்கார்ந்ததை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. ஆனால் இந்தக் கடிதம் அதைப் பற்றி இல்லை.

போன ஞாயிறு எங்கள் சபைக்கு வந்து பிரசங்கம் செய்துவிட்டுப் போனாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கடவுள் யாரையும் நரகத்தில் தள்ளுவதில்லை, மனுஷன் தன் சுயசித்தத்தால் தானே நடந்து போகிறான், கையைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டால் அது அன்பாகாது என்று அவரும் விட்டுவிடுகிறார் என்றாய். எல்லோரும் நல்ல செய்தி கேட்டதுபோலத் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் தலை ஆடவில்லை. தள்ளுகிறவர் ஒருவர் இருந்தால் காலில் விழுந்து கெஞ்சலாம். நானே நடந்து போகிறேன் என்றால் யார் காலில் விழ, என் காலிலேயா? அதோடு விட்டாயா, தேவன் பத்துக் கட்டளைப் பிரமாணத்தைக் கொடுத்தது தெர்மாமீட்டர் மாதிரி, காய்ச்சலைக் காட்டும், இறக்காது என்றாய். முன்வரிசையில் பல் டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கொலை செய்யவில்லை, திருடவில்லை, பொய்ச்சாட்சி சொல்லவில்லை என்று இத்தனை வருஷம் பத்துக் கட்டளையையும் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு மருந்து சாப்பிடுவதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே எடுத்து எத்தனை டிகிரி என்று ஒருநாளும் பார்க்கவில்லையே.

வாசலில் உன்னைப் பிடித்து, "ஒருத்தரை மன்னிக்க முடியலைன்னா என்னப்பா செய்யுறது?" என்று கேட்டேன். "முடியலையா, மனசு இல்லையா அத்தை?" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாய். கொள்ளிக்கட்டையை மடியில் போட்டுவிட்டுப் போனமாதிரி இருந்தது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் ஓரகத்தி, அதாவது உன் மாமாவின் தம்பி மனைவி, இருபத்தாறு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, மழை, காலை பதினொன்றேகால், உன் மாமாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அக்கா சமையல்ல உப்பைக் கொஞ்சம் குறைச்சிருந்தா மாமா இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பாரு" என்றாள். கையில் சாம்பல் நிறக் குடை. கேட்டவர்கள் நாலு பேர், அதில் மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், நான் மட்டும் பாக்கி. அன்றிலிருந்து பரமண்டல ஜெபத்தில், நாங்கள் பிறரை மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்கிற வரி வரும்போது நான் வாயை மூடிக்கொள்வேன். சொன்னால்தானே பொய், சொல்லாதவளை யார் பிடிக்க முடியும் என்று என் நியாயம். இப்போதுதான் புரிகிறது, சபை முழுக்கச் சத்தமாகக் கேட்டதை நான் மட்டும் ஞாயிறு தவறாமல் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி வந்திருக்கிறேன்.  இந்த ஞாபகத்தை நான் கேட்டா வாங்கினேன்? கொடுத்தவர் கர்த்தர்தானே, அதில் அவருக்குப் பங்கு இல்லையா?

திங்கட்கிழமை அடுப்பைப் பற்றவைத்தேன், அந்த நீலச் சுடரைப் பார்த்ததும் பயம் வந்து அணைத்துவிட்டேன். வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். லிஃப்ட் ரிப்பேர். நாலு மாடி. ஒவ்வொரு மாடியிலும் நின்று, மன்னித்துவிட்டேன், மன்னித்துவிட்டேன் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினேன், மூச்சு வாங்கியதில் கோபம்தான் ஏறியது. கதவைத் திறந்தாள். உட்காரக்கூட இல்லை, "உன்னை மன்னிச்சுட்டேன்" என்றேன். "எதுக்குக்கா?" என்றாள். இருபத்தாறு வருஷம் நான் பத்திரமாக வைத்திருந்தது அவளுக்கு ஞாபகமே இல்லை. கிழமை, மழை, குடை எல்லாம் சொன்னேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "சொல்லியிருப்பேன்க்கா. நீங்க உப்பு கொஞ்சம் கூடத்தானே போடுவீங்க" என்றாள்.

அதைக்கூட விழுங்கியிருப்பேன். அடுத்துச் சொன்னாளே, "நானும் உங்களை மன்னிச்சு ரொம்ப வருஷமாச்சு, விடுங்க." எதுக்கு என்றேன். "மன்னிச்சதைத் திரும்பச் சொல்லக் கூடாதுக்கா" என்று சிரிக்கிறாள். நான் செய்த குற்றம் ஒன்று அவள் கையில் இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ஊரார் எனக்குச் செய்ததெல்லாம் தேதியோடு சொல்வேன், நான் செய்தது ஒன்றுகூட வரமாட்டேன் என்கிறது. அப்படியானால் நியாயத்தீர்ப்பு நாளில் அவரவர் செய்ததை எழுதிய புஸ்தகம் திறக்கும்போது எனக்கு நானே அந்நியமாக அல்லவா நிற்பேன். மன்னிக்கப் போனவள் குற்றவாளியாகத் திரும்பினேன், அவள்மேல் புதிதாக ஒரு கோபத்தையும் தூக்கிக்கொண்டு. இப்போது சொல், இப்படிப்பட்டவளைக் கர்த்தர் நரக வாசலில் தடுத்து நிறுத்துவாரா, மாட்டாரா? வளைத்துப் பேசாமல் எழுது. அவள் கல்நெஞ்சக்காரி என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு எழுது.

உனக்கும் உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். கர்த்தர் உன்னைக் காப்பாராக, அத்தைக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்து.

இப்படிக்கு,
பயத்தோடு உன் அத்தை

பின்குறிப்பு: மேலே அவளைப் பற்றி எழுதியது எதையும் நம்பாதே. உறையை ஒட்டாமல் பையில் வைத்துக்கொண்டு இன்றைக்கும் போனேன், நான் செய்தது என்ன என்று சொன்னால்தான் போவேன் என்று வாசலிலேயே நின்றேன். சொன்னாள். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் அவளுடைய இரண்டு மாதப் பெண்குழந்தை இறந்தபோது நான் போகவில்லை. இரவல் வாங்கிய என் தையல் மெஷினை ஊசி உடைத்துத் திருப்பித் தந்தாள் என்று அந்த வாரம் எனக்குக் கோபம். ஊசி பதினாறாம் நம்பர், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தக் குழந்தையின் முகம் ஞாபகம் இல்லை. "எப்படிடி மறந்தே?" என்று கேட்டேன். "மறக்கலைக்கா. உங்களைப் பார்க்கிறப்பல்லாம் திரும்ப ஒருதரம் மன்னிச்சுக்குவேன்" என்றாள். "இன்னைக்கு?" என்றேன். "இன்னும் இல்ல. மொதல்ல உள்ள வந்து உட்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன்.