ஒரு வாய்க்கு இரண்டு அரசாங்கம்

அமெரிக்கக் குடிமகன் யோகக்காரன். எத்தனையோ நாட்டில் ஒரு ஆளைக் காப்பாற்ற ஒரே அரசாங்கம். இங்கே வாஷிங்டன் ஒன்று, மாநிலம் ஒன்று, ஆக இரண்டு. ஆல்பின் ஹ்ரூபியின் வாயில் ஒரு பல்கூட இல்லை. ஆனால் அந்தக் காலி வாய்க்கும் இரண்டு அரசாங்கம் காவல் இருந்தது.

ஆல்பின் பன்றி வளர்ப்பவர். பாலில் நனைத்த ரொட்டியைத் தவிர வேறு எதையும் தின்று இரண்டு வருஷம் ஆகிறது. உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் பார்த்தார்: "பல் டாக்டர் எதற்கு? மெழுகு அனுப்புகிறோம். கடித்துத் திருப்பி அனுப்புங்கள். அந்த அளவுக்குப் பல்செட் தபாலில் வரும். சோளக்கதிரைக் கடிப்பீர்கள்!" யாரையும் நம்பாத ஆல்பின், அச்சில் வந்ததை நம்பித் தொலைத்தார். கொழுத்த பன்றி ஒன்றை விற்று, சிகாகோ கம்பெனிக்குப் பணம் அனுப்பினார்.

தபாலில் பல் வந்தது. மாட்டினால் வாய் மூடவில்லை.

"யோவ், குதிரைக்குச் செஞ்சதை உனக்கு மாத்தி அனுப்பிட்டானுங்க," என்றாள் மனைவி லிப்பி. "கழட்டித் தொலை, பன்னிங்க மிரளுது."

சோளம் விதைக்கும் சமயத்தில் ஆல்பின் இரண்டு அரசாங்கத்துக்கும் புகார் செய்தார். சோளம் முற்றிய பிறகு இரண்டு அதிகாரிகளும் ஒரே நாளில் வந்தார்கள். லிப்பி வெண்ணெய் தடவிய சோளக்கதிரை வைத்தாள். முப்பத்திரண்டு பல்லும் சொந்தமாக உள்ள மாநில அதிகாரி டன்லப் அதை நறநறவென்று கடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"அநியாயம்தான் பெரியவரே. ஆனா கம்பெனி சிகாகோவுல. மாநில எல்லை தாண்டித் தபால்ல வந்திருக்கு. அது வாஷிங்டனோட 'புனித அதிகாரம்'. நாங்க கை வெச்சா அத்துமீறல்."

"சேச்சே!" என்றார் வாஷிங்டன் அதிகாரி கிராஃப்டன், இரண்டாவது கதிரை எடுத்தபடி. "தபால் எங்களுது, சரி. உள்ள இருக்கிறது பல்லாச்சே? பல்லுன்னா வைத்தியம். வைத்தியம் மாநிலத்தோட 'பிறப்புரிமை'. அதுல நாங்க மூக்கை நுழைக்க மாட்டோம்."

"மூக்கை யாருய்யா நுழைக்கச் சொன்னது? என் வாயைப் பாரு!"

"பார்க்கிறதே தலையீடு ஆயிடும்," என்றார் கிராஃப்டன் பணிவாக.

"அந்த விளம்பரத்தையாவது நிறுத்துங்களேன்!"

"தாங்கள் நிறுத்துங்கள்," என்றார் டன்லப். "தாங்களே முதலில்," என்றார் கிராஃப்டன். இப்படி ஒருவரையொருவர் மதிக்கும் பண்பாட்டை ஆல்பின் தன் பன்றிகளிடம் பார்த்ததே இல்லை. தொட்டியில் தீவனம் தீருமுன் அவை ஒரு முடிவுக்கு வந்துவிடும். இவர்கள் ஆறு கதிரைத் தின்றுவிட்டு, முடிவில்லாமல் போனார்கள்.

மறுவாரம் பக்கத்துப் பண்ணை லாடிஸ் வந்தார். வாய் நிறைய மெழுகு.

"துப்புடா அதை!" என்று கத்தினார் ஆல்பின்.

லாடிஸ் துப்பவில்லை. "ம்ம்ம்" என்று தலையாட்டிவிட்டுப் போனார். பல் இல்லாதவர் ஆசை அப்படி.

ஆல்பினுக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் ஒரு பலகையில் தார் தொட்டு எழுதினார்: "தபால் பல் வாங்காதே. என் வாய் சாட்சி." சாலையோரம் நின்ற தன் தபால் பெட்டியில் ஆணி அடித்து மாட்டினார்.

சோளம் விதைத்தபோது கொடுத்த புகாருக்கு அறுவடைக்கு வந்தவர்கள், பலகைக்கு மறுநாள் காலையே வந்துவிட்டார்கள்.

"தபால் பெட்டி வாஷிங்டனோடது," என்றார் கிராஃப்டன். "அதுல ஆணி அடிச்சது குத்தம்."

"பெட்டி நிக்கிற கம்பம் மாநில நெடுஞ்சாலையில இருக்கு," என்றார் டன்லப். "அனுமதி இல்லாத விளம்பரம்."

"விளம்பரமா? வாங்காதேன்னுல எழுதியிருக்கேன்!"

"வாங்காதேன்னாலும் விளம்பரம்தான். ரெண்டு அபராதம்."

"யாரு அதிகாரம்னு மறுபடி ஒருத்தர் மேல ஒருத்தர் தள்ளிவிட மாட்டீங்களா?"

"இதில் சந்தேகமே இல்லை," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் பலகையைப் பிடுங்கினார்கள். அந்த இழுப்பில் பெட்டியின் கதவு திறந்து, கம்பெனியின் புது விளம்பரம் சேற்றில் விழுந்தது. கிராஃப்டன் அதை எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, பயபக்தியோடு பெட்டிக்குள் திரும்ப வைத்தார். டன்லப் கதவை மூடினார்.

ஆல்பின் வீட்டுக்குள் வந்தார்.

"சட்டத்துக்குப் பல்லே இல்லைன்னு நெனச்சுட்டேன் லிப்பி. இருக்கு, மேல் வரிசை, கீழ் வரிசை ரெண்டும் இருக்கு. சிகாகோக்காரனைத்தான் கடிக்காது. என்னைக் கடிக்கறப்போ மட்டும் எவ்வளவு கச்சிதமாப் பொருந்துது பாரு!"