குருவி காட்டப் போய் ஊரைக் கூட்டிய கதை

சிறிய பழுப்பு நிறப் பறவையை நம்பி யாரும் எதிர்காலத்தைத் திட்டமிடக் கூடாது. சிவப்பும் மஞ்சளுமாக வந்து மர உச்சியில் உட்கார்ந்து, "என்னைப் பார்" என்று கூவும் பறவைகள் எங்கள் மலைகளில் ஏராளம். அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, என் வேலையை ஒரு கதிர்க்குருவியின் முதுகில் ஏற்றி வைத்தேன். அது என்ன செய்யும் பாவம், இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டது.

நான் படித்தது மின்னணுவியல். டிப்ளோமா முடித்துவிட்டுக் கொழும்பில் ஒரு கைபேசி திருத்தும் கடையில் வேலை செய்தேன். ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுத்த பெண்களில் நானும் ஒருத்தி. பிறகு டிக்கோயாவுக்கு மேலே, எங்கள் தோட்டத்துப் பழைய பங்களாவை விடுதியாக்கியபோது, வைஃபையையும் கெமராக்களையும் பார்த்துக்கொள்ளும் தற்காலிக வேலை கிடைத்தது. அந்த நேரம் பார்த்து, விருந்தினரைக் காட்டுக்குள் கூட்டிப்போகும் வழிகாட்டி வெளிநாடு போய்விட்டார். நான் கையை உயர்த்தினேன்.

மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சனிக்கிழமை ஹாஜியார் வாறார். அவருக்கு அந்தக் குருவியக் காட்டுங்க, வேலை நிரந்தரம். இல்லாட்டி வேற ஆள் எடுக்கணும், தர்ஷினி."

வேற ஆள் எடுத்தால் எனக்கு மறுபடியும் கொழும்பு அறைதான்.

ஹாஜியார் என்பவர் ஹட்டன் பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவர். உருவத்தில் பெரியவர், குரலில் அதைவிடப் பெரியவர். இந்த நாட்டில் மட்டுமே வாழும் பறவைகளையெல்லாம் தேடித் தேடிப் பார்த்து முடித்தவர். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று, புதர்க் கதிர்க்குருவி. அதுவும் எங்கள் மலைக்காட்டில் இருப்பது.

"எங்கட கடைக்கு மேல இருக்கிற காட்டுல உள்ளத மட்டும் நான் காணல்ல. வெக்கமில்லியா மகள்?" என்றார், வந்து இறங்கிய உடனேயே.

"இன்னைக்குப் பாத்துரலாம் ஹாஜியார்" என்றேன். (அதை நானும் அதுவரை முழுதாகப் பார்த்ததில்லை. ஒருமுறை வாலைப் பார்த்திருக்கிறேன். வாலாகத்தான் இருக்க வேண்டும்.)

ஆனால் நான் தயாராகத்தான் போனேன். பழுதான சர்க்கியூட்டைச் சோதிப்பது மாதிரி, பறவையையும் படிப்படியாகப் பிரித்து வைத்திருந்தேன். முதுகு ஒலிவ் கலந்த பழுப்பா? வயிறு சாம்பலா? நிலத்தை ஒட்டி, மூங்கில் புதருக்குள் எலி மாதிரி ஊர்கிறதா? கண் சிவப்பா? சிவப்பென்றால் ஆண், வெளுத்த நிறமென்றால் பெண். எல்லாவற்றுக்கும் "ஆம்" வந்தால் அது புதர்க் கதிர்க்குருவி. இதில் எங்கே தவறு வரும்?

பேசினால் பறவை ஓடிவிடும் என்பதால் கைச்சைகைகளும் கண்டுபிடித்து, பங்களா முற்றத்திலேயே ஹாஜியாருக்குப் பயிற்சி கொடுத்தேன். உள்ளங்கையைக் கீழே அழுத்தினால், அசையக் கூடாது. கையை முழங்காலருகே நெளித்தால், தாழ்வாக வருகிறது. இரண்டு விரலைக் கண்ணுக்கு நேரே வைத்தால், சிவப்புக் கண். ஹாஜியார் சிரத்தையாகச் செய்து காட்டினார். தோட்டக்காரர் பூவுக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்.

காடு தொடங்கும் இடத்தில் ஒரு கான் ஓடுகிறது. (எங்கள் பக்கம் மழைத்தண்ணீர் வடியும் வாய்க்காலுக்குக் கான் என்று பெயர்.) அதன் மேல்புறம் மூங்கிலும் குறிஞ்சிச் செடியும் அடர்ந்த புதர். கீழ்ப்புறம் தேயிலை. அன்று அந்த மலையில்தான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள், என் அம்மாவும் சேர்த்து. நான் என்ன வேலையாகப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம் முழுக்கத் தெரிந்துவிடும், தோற்றால் லயம் முழுக்கத் துக்கம் விசாரிக்கும்.

புதருக்கு முன்னால் நின்றோம். வெகுநேரம் நின்றோம்.

"மகள், அந்தா!"

"அது எல, ஹாஜியார்."

"இது?"

"அதுவும் எலதான்."

"எல குருவி மாதிரி இரிக்கி. குருவி எலி மாதிரி ஓடும்னு சொல்றீங்க. அப்ப நான் எதத்தான் பாக்கிற?"

பதில் சொல்ல வாயெடுத்தபோது, ஈரக் கண்ணாடியை விரலால் அழுத்தித் தேய்த்தது போல ஒரு கீச்சொலி. புதருக்குள்ளிருந்து, மிக அருகில். உள்ளங்கையைக் கீழே அழுத்தினேன். ஹாஜியார் அப்படியே குந்தினார். கையை முழங்காலருகே நெளித்தேன். மூங்கில் அடியில் ஏதோ அசைந்தது. விரல்களைக் கண்ணுக்கு நேரே வைத்து, "கண்ணைக் கவனியுங்கள்" என்று காட்டினேன்.

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. அம்மா. துண்டித்தேன். மறுபடியும் அதிர்ந்தது. மறுபடியும் துண்டித்தேன்.

கீழே தேயிலைக்குள்ளிருந்து பார்த்தவருக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்திருக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அந்த வாரம்தான் கீழ் லயத்தில் ஒரு நாயைச் சிறுத்தை தூக்கியிருந்தது. எங்கள் தோட்டத்தில் காட்டோரமாக ஒருத்தி சிலையாக நின்று, 'அசையாதே, பதுங்கி வருகிறது, கண் தெரிகிறது' என்று கையால் காட்டினால், அதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. அதற்குச் செய்யவேண்டியதும் எல்லோருக்கும் தெரியும்.

முதலில் தகரச் சத்தம் கேட்டது. பிறகு பெண்களின் கூச்சல். பிறகு, பறிப்பதை மேற்பார்க்கும் கங்காணி, கோயில் திருவிழாவில் மிஞ்சியிருந்த சீனவெடியைக் கொளுத்திப் போட்டார்.

"புலி! புலி! ஓடியா புள்ள!" (சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வோம்.)

இந்த இடத்தில் ஒரு நல்ல வழிகாட்டி என்ன செய்திருப்பாள்? விருந்தினருக்கு முன்னால் வந்து நின்றிருப்பாள். நான் எதற்கும் பதறாதவள் என்று பள்ளிக்கூடத்திலேயே பெயர் வாங்கியவள். அந்தப் பெயரையும், தொலைநோக்கியையும், ஹாஜியாரையும் அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். ஒரு மலையே சேர்ந்து புலி என்று கத்தும்போது, அந்தப் புலி என் கைவிரலில் பிறந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. தேயிலைச் செடிகளுக்கு ஊடாகவும் மேலாகவும் விழுந்து புரண்டு, அம்மாவின் மேல் போய் மோதித்தான் நின்றேன்.

"எங்கடி புலி?" என்றார் அம்மா, என்னை இறுக்கிக்கொண்டு.

"நீங்கதானே கத்துனீங்க?"

"நீதானே கையக் காட்டுன!"

"அது குருவிம்மா!"

தகரச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

"குருவியா?" என்றார் அம்மா. "குருவிக்கா அந்தாளு குந்துனாரு? ரெண்டு தடவ போனக் கட் பண்ணுன. பேச முடியாத நெலமன்னுதானே நெனப்பேன்? படிச்ச புள்ள, வாயத் தெறந்து ஒரு வார்த்த சொன்னா என்னாவாம்?"

பக்கத்தில் நின்ற செல்வி அக்கா மெதுவாகக் கேட்டார், "ஆமா, அந்த ஹாஜியார் எங்க?"

எல்லோருமாக மேலே ஏறினோம். ஹாஜியார் கானுக்குள் குப்புறக் கிடந்தார். வெள்ளைச் சட்டை சேற்று நிறமாகியிருந்தது. அசைவில்லை.

"ஐயோ, மனுசன் போய்ட்டாரு" என்று செல்வி அக்கா தொடங்கும்போதே, சேற்றுக்குள்ளிருந்து ஒரு கை மெல்ல எழுந்தது. உள்ளங்கையைக் கீழே அழுத்தியது.

எல்லோரும் நின்றோம்.

அதே கை மண்ணை ஒட்டி நெளிந்தது. பிறகு இரண்டு விரல்கள் கண்ணுக்கு நேரே போயின.

வெடிச் சத்தத்தில் ஹாஜியார் இடறி விழ, பயந்த கதிர்க்குருவியும் அதே கானுக்குள்தான் இறங்கியிருக்கிறது. கரையிலிருந்து பன்னம் (பெரணிச் செடி) கவிழ்ந்து மூடிய இடத்தில், ஹாஜியாரின் மூக்குக்கு முன்னால், இலையைப் புரட்டிப் பூச்சி தின்றுகொண்டிருந்ததாம். கண் நல்ல சிவப்பாம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஹாஜியாரின் முதுகு மட்டும்தான்.

பங்களாவில் மேனேஜர் சேற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலில் தகரத்தோடு நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"காட்டினீங்களா?"

"அவர் பாத்தாரு சார். நான் ஓடிட்டேன்."

"ஓடினது உண்மதான்" என்றார் ஹாஜியார். "ஆனா மேனேஜர், இந்த மகள் வந்திருக்காட்டி நான் கானுக்குள்ள விழுந்திருக்கவே மாட்டேன். நின்டு பாத்தா ஆயுசுக்கும் காண ஏலாது. அது நிலத்துல சீவிக்கிற சாமான். நாமளும் நிலத்துல கிடக்கணும்."

மேனேஜர் இரண்டு நிபந்தனைகளோடு வேலையைக் கொடுத்தார். காட்டுக்குப் போகுமுன் கங்காணிக்குச் சொல்ல வேண்டும். விருந்தினரை விட்டு ஓடக் கூடாது.

இரண்டையும் இன்றுவரை மீறவில்லை. விருந்தினர் வந்தால் கானுக்குள் ஒரு பாயை விரித்து, அவர்களைக் குப்புறப் படுக்க வைக்கிறேன். அநேகமாக எல்லோருக்கும் குருவி தெரிகிறது. வெள்ளைக்காரர்கள், கொழும்பு டொக்டர்கள், ஒருமுறை நீதிபதி ஒருவர்கூட அங்கே கிடந்திருக்கிறார். வேலைக்குப் போகிற வழியில் தோட்டம் முழுவதும் இதைப் பார்த்துக்கொண்டே போகும்.

அதன் விளைவு இதுதான். சம்பள நாள் சாயங்காலம் டிக்கோயாவுக்குப் போய்த் திரும்பும் ஆண்களில் யாராவது வழியில் கானுக்குள் விழுந்து கிடந்தால், எங்கள் தோட்டத்தில் இப்போது யாரும் "குடித்துவிட்டுக் கிடக்கிறார்" என்று சொல்வதில்லை. போன மாதம்கூடச் சித்தி எனக்குப் போன் செய்தார்.

"தர்சினி, கோயிலுக்குக் கீழ ஒங்க சித்தப்பா குருவி பாத்துக்கிட்டு இருக்காரு. மழ வர்றதுக்குள்ள நீயே போயி எழுப்பிக் கூட்டிட்டு வா. நான் போனா கோபத்துல பறந்துருவாரு."