ஆட்சேபணை இல்லை

"கல்யாணத் தேதி ரெண்டாயிரத்துப் பதினெட்டுன்னு போட்டிருக்கீங்க. உங்க பொண்ணு பொறந்தது எண்பத்தஞ்சு. அப்ப அது யாரும்மா பெத்த பொண்ணு?"

குடும்பப் பென்ஷன் பிரிவு எழுத்தர் ஸ்டீபன்ராஜ் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டார். அறுபத்து மூன்று வயது ரெங்கம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நாலு பேர் வரிசையில் நிற்கும்போது கேட்கிற கேள்வியா இது?

"நான்தாங்க பெத்தேன்."

"கல்யாணத்துக்கு முப்பத்து மூணு வருஷம் முன்னாடியா?"

தபால் மேஜையில் கோப்புகளுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்த அலுவலக உதவியாளர் ஜோதி களுக்கென்று சிரித்தாள்.

ரெங்கம்மாளின் கணவர் பிச்சமுத்து, சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். சித்திரையில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அன்றோடு பென்ஷனும் நின்றது. மனைவிக்கு உரிய குடும்பப் பென்ஷன் வந்தால்தான் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வாடகை, ரெங்கம்மாளுக்குச் சர்க்கரை மாத்திரை. ஆனால் அவருடைய பென்ஷன் புத்தகத்தில் மனைவியின் பெயரை எழுதும் கட்டம் காலியாக இருந்தது.

"மறந்திருப்பாருங்க" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். "கீரை வாங்கிட்டு வரச் சொன்னாலே மறந்துடுவாரு."

ஆகவே, கல்யாணம் நடந்ததற்கு ஆதாரம் வேண்டுமாம். எண்பத்து மூன்றில் எடுத்த கல்யாண ஆல்பத்தைக் கரையான் தின்று பல வருடம் ஆகிவிட்டது. மிஞ்சியிருந்தது திருக்கடையூரில் நடந்த அறுபதாம் கல்யாண போட்டோ. மாலையும் கழுத்துமாக இருவரும் நிற்க, கீழே ஸ்டுடியோக்காரர் தங்க எழுத்தில் தேதி போட்டிருந்தார். சத்திரம் பேருந்து நிலையத்தருகே மனு எழுதித் தரும் ரஃபீக், ஆதாரத்தில் இருக்கிற தேதிதான் மனுவிலும் இருக்க வேண்டும் என்று அதையே கல்யாண நாளாக எழுதிவிட்டார். இருபது வருட அனுபவம் அவருக்கு.

"அது அறுபதாம் கல்யாணம்ங்க. அதே புருஷன், அதே பொண்டாட்டி."

"எனக்குத் தெரியாதா? எங்க பக்கத்து வீட்டுல நடந்தப்ப நானே போய்ச் சாப்பிட்டேன். ஆனா கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சேம்மா! முதல் சம்சாரம் எங்கேன்னு அது கேக்குது."

"நான்தான் முதல் சம்சாரம்!"

"நீங்க ரெண்டாவதுன்னு ஏறியிருக்கு. முதல் சம்சாரத்தோட இறப்புச் சான்றிதழ் கொண்டாங்க. உயிரோட இருந்தா, ஆட்சேபணை இல்லைன்னு அவங்க எழுதிக் கொடுக்கணும்."

ரெங்கம்மாள் பஸ் ஏறி ரஃபீக்கிடம் போய் அழுதாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டு வெள்ளைத் தாளை எடுத்தார். வழி தெரிந்துவிட்ட முகம்.

"ரெண்டு லெட்டர் போடுவோம்மா. ஒண்ணுல நீங்க ரெண்டாவது சம்சாரம், பென்ஷன் கேக்கறீங்க. இன்னொண்ணுல நீங்களே முதல் சம்சாரம், ஆட்சேபணை இல்லைங்கறீங்க."

"ரெண்டுலயும் என் பேரா?"

"பின்னே? பொய்ப் பேரெல்லாம் நான் எழுத மாட்டேன். ஒண்ணுல கையெழுத்து, ஒண்ணுல கைநாட்டு."

"எனக்கு நானே சக்களத்தியா, தம்பி?"

"பேப்பர்லதானேம்மா."

"அவரு என்னைக் கேக்காம ஒரு காப்பி குடிச்சதில்ல. மருங்காபுரியில பதினோரு வருஷம் தனியா ரூம் எடுத்து வேலை பார்த்தாரு. அப்பவும் சனிக்கிழமை சாயங்காலம் டாண்ணு வந்து நிப்பாரு. அந்த மனுஷனுக்கு ரெண்டு பொண்டாட்டின்னு நானே எழுதிக் கொடுக்கறதா?"

"வேற வழி இருந்தா சொல்லுங்க."

வேறு வழி இல்லை. வாடகை கேட்டு வீட்டுச் சொந்தக்காரர் வாசலில் வந்து நின்றுவிட்டுப் போய் இரண்டு நாளாகிறது. நாற்பத்தொரு வருடம் ஒருவருக்கே பொங்கிப்போட்டவள், ஒரு கையெழுத்துப் போட்டு இரண்டாந்தாரம் ஆனாள். வீட்டுக்கு வந்ததும் பிச்சமுத்துவின் படத்துக்கு முன் நின்று, "மன்னிச்சிடுங்க, உங்க மானத்தை வாங்கிட்டேன்" என்று விம்மினாள். படத்தில் அவர் எப்போதும்போல வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஸ்டீபன்ராஜ் முதல் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"ரெண்டாவது சம்சாரம்னு நீங்களே ஒத்துக்கறீங்க. சீல் வெச்சா அப்புறம் மாத்த முடியாது. பரவால்லையா?"

"பரவால்லைங்க" என்றாள்.

சீல் விழுந்தது. "முதல் சம்சாரத்தோட லெட்டரைத் தபால் மேஜையில கொடுத்துட்டுப் போங்க. முடிஞ்சுது" என்றார்.

ஐந்து மாத அலைச்சல் ஒருவழியாக ஓய்ந்தது என்ற நிம்மதியில், கைநாட்டு வைத்த கடிதத்தை ரெங்கம்மாள் ஜோதியிடம் நீட்டினாள். ஜோதி அதைப் படித்தாள். பிறகு ரெங்கம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது எதுக்கும்மா? முதல் சம்சாரம் நேத்தே மருங்காபுரியிலேருந்து நேர்ல வந்து, ஆட்சேபணை இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டாங்களே!"