பாஸ்வேர்டுக்குத் திரை போட்ட பாவா

திருத்தணி மலையில் இதுவரை ஏறி இறங்கிய அத்தனை கோடி பேரில், கருவறைத் திரையைப் பார்த்துக் கம்ப்யூட்டரை நினைத்த ஒரே ஆள் எங்கள் பாவாதான்.

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்காகத் திரையை இழுத்தார்கள். அதுவரை ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறாத குறையாக முண்டிக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்கிவிட்டது. எட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. என் விலாவில் ஒரு முழங்கை இடி விழுந்தது.

"நைனா, பாத்தியா? சாமிக்கே ஒரு திரை வேண்டிகீது. நம்ம கடையில இன்னாடான்னா, அவனவன் பாஸ்வேர்டை நாலு பேர் பாக்கறப்பவே தட்டிக்கினு கீறான்!"

முன்வரிசை மாமி திரும்பி முறைத்தார். பாவா கன்னத்தில் போட்டுக்கொண்டார், முருகனிடமா மாமியிடமா என்று தெரியவில்லை.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. வீட்டில் இணையம் வைத்திருப்பது மாடியில் யானை வளர்ப்பது போல் அபூர்வமாக இருந்த காலம். மலையடிவாரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர்தான் பாவா. முப்பது வயது, நெசவுக் குடும்பம், பேச்சில் பாதி தெலுங்கு வாடை. அவருடைய மச்சினன் அந்தக் கடையில் உட்கார்ந்து, தெலுங்கில் அத்தானைக் கூப்பிடுவதுபோல் "பாவா, பாவா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் ஊருக்கே அவர் பாவா ஆகிவிட்டார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் அந்தக் கடையில்தான் குடியிருந்தேன் என்று சொல்லலாம்.

மறுவாரமே பாவாவுடைய அண்ணனின் தறியில் நெய்த, மயில் போட்ட பச்சைத் திரை ஒன்று கடைக்கு வந்தது. கம்ப்யூட்டர் நான்கு, திரை ஒன்று. யார் பாஸ்வேர்டு அடிக்கப் போனாலும் "பாவா, திரை!" என்று குரல் கொடுக்க வேண்டும். அவர் கம்பியில் திரையை இழுத்துக்கொண்டு ஓடி வருவார். மற்றவர்கள் சுவரைப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் ஒரே சமயத்தில் கூப்பிட்டுவிட்டால் பாவா பாதி வழியில் நின்று தவிப்பார்.

பிரவுசிங் சென்டரில் திரை என்றதும் ஊர் சும்மா இருக்குமா? ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் குடையோடு உள்ளே நுழைந்தார்.

"திரையைப் போட்டுக்கினு உள்ள இன்னாய்யா நடக்குது?"

"ஒண்ணும் இல்ல சார். அலங்காரம் முடியறவரைக்கும்தான் திரை. அப்பால எல்லாருக்கும் தரிசனம்தான். நீங்களே பாருங்க." சொன்னபடி திரையை விலக்கினார். உள்ளே ஒரு மாணவன் பரீட்சை முடிவைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான். தலைமையாசிரியர் திருப்தியாகப் போய்விட்டார்.

அதற்கப்புறம் முருகன் விவகாரம். ஒருநாள் பாவா கடை நடுவில் நின்று, "உங்கள்ல எத்தினி பேருக்குப் பாஸ்வேர்டு முருகன்?" என்றார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நான்கு முகமும் வெளுத்துவிட்டது. திருத்தணிக்காரன் வேறு என்ன வைப்பான்?

"அவருக்கு ஆயிரம் வேலை கீது. உங்க மெயிலையும் அவரேவா காவல் காக்கணும்? மாத்துங்க!"

எல்லோரும் மாற்றினோம். பாதிப் பேர் வள்ளி, மீதிப் பேர் தெய்வானை. விஷயம் தெரிந்ததும் பாவா தலையில் கை வைத்துக்கொண்டார், மறுபடியும் மாற்ற வைத்தார்.

மெயிலை மூடாமல் எழுந்து போகிறவர்கள் மேல் அவருக்கு வந்த கோபம் தனி ரகம். ஒரு முறை சித்தூர்க்காரர் ஒருவர் அப்படியே எழுந்து போய்த் திருப்பதி பஸ்ஸில் ஏறிவிட்டார். பாவா பஸ்ஸுக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றார். "நீ வூட்டைத் திறந்து போட்டுட்டு வந்துகினு கீறய்யா! இறங்கு!" அந்த மனிதர் தன் சித்தூர் வீட்டைத்தான் பாவா சொல்கிறார் என்று பதறி, மூட்டையோடு குதித்து இறங்கினார். பஸ் போய்விட்டது. மெயிலை மூட வைத்து, காப்பி வாங்கிக் கொடுத்து, அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்ட பிறகுதான் பாவாவுக்கு மூச்சு வந்தது. எல்லாம் தெரிந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஈரக்கையோடு தொட்டால் வைரஸ் வரும் என்று கடைசிவரை நம்பியவர் அவர்.

அவருடைய பெரிய சட்டம் ஒன்று உண்டு. பாஸ்வேர்டு மறந்துபோனால் கம்ப்யூட்டர் நம்மை ஒரு கேள்வி கேட்கும் அல்லவா? அதற்குப் பொய்யான பதிலைத்தான் கொடுத்து வைக்க வேண்டும் என்பார். "உங்கம்மா பொறந்த ஊரு இன்னான்னு கேக்குது. நம்ம ஊர்ல அது யாருக்குத் தெரியாது? பூக்காரம்மாவைக் கேட்டா உங்க பாட்டி ஊரையும் சேத்துச் சொல்லும். பொய் சொல்லு!"

இந்தப் பொய்தான் கல்பனாவுக்கு வினையாக வந்தது.

கல்பனா மலைப்பாதையில் மாலைக்கடை வைத்திருந்தவரின் மகள். பி.காம். முடித்துச் சென்னையில் ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்திருந்தாள். வேலைக் கடிதத்தை மெயிலில் அனுப்பியிருக்கிறோம், மாலைக்குள் சம்மதம் எழுதாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று போன் வந்தது. ஓடி வந்து உட்கார்ந்தால், முருகனை எடுத்துவிட்டு வைத்த புது பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது. கம்ப்யூட்டர் கேள்வி கேட்டது: வீட்டில் உங்கள் செல்லப் பெயர் என்ன?

"குட்டிம்மா!" கடை முழுக்க ஒரே குரலில் சொன்னோம்.

"அது உண்மை. இது பொய் வெச்சது," என்றாள் கல்பனா. கண்ணில் நீர் கட்டியிருந்தது.

அவள் அப்பா பூக்கூடையோடு வந்துவிட்டார். "சொல்லும்மா, பேர் வெச்சவனே நான்தானே?" ஆளுக்கு ஒரு பெயர் சொன்னோம். பட்டு, பாப்பா, செல்லம். இரண்டைத் தட்டிப் பார்த்தாள், இரண்டும் தவறு. இன்னும் ஒரு முறைதான், அப்புறம் பூட்டிவிடுவேன் என்றது கம்ப்யூட்டர்.

"மறந்து போச்சுப்பா," என்றாள் தரையைப் பார்த்து.

நாங்கள் எல்லோரும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாவா மட்டும் கல்பனாவின் முகத்தைப் பார்த்தார். காது வரைக்கும் சிவந்திருந்தது.

"எழுந்திருங்க. எல்லாரும் வெளிய போங்க."

"பாதி டைப் பண்ணிகினு கீறேன் பாவா!"

"போய்யா வெளிய!"

"நானுமா?" என்றார் அப்பா.

"நீங்கதான் மொதல்ல."

அத்தனை பேரையும் தெருவுக்குத் தள்ளி, தானும் வெளியே வந்து, ஷட்டரைப் பாதி இறக்கினார். ஆடிக் கிருத்திகைக் கூட்டம். காவடிகளுக்கு நடுவே நாங்கள் அசடு வழிய நின்றோம். உள்ளிருந்து எதுவும் கேட்கவில்லை. அப்புறம் டக், டக், டக் என்று சில எழுத்துகள். அப்புறம் ஒன்றுமில்லை. அப்பாவின் கூடையிலிருந்த அரளியை அவரே பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, தொறந்துடுச்சு!"

சம்மதம் போய்ச் சேர்ந்தது. வேலை கிடைத்தது. அந்தப் பெயர் என்ன என்பதுதான் கிடைக்கவில்லை. கல்பனாவின் அப்பா ஒரு மாதம் என்னை விசாரித்தார். நான் பாவாவை விசாரித்தேன்.

"உனுக்கு இன்னாத்துக்கு அது? வேலை கெடச்சுதா? ஆங், போ."

வருஷங்கள் ஓடி, நானும் சென்னைக்கு வந்துவிட்டேன். போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். வீட்டுக்கு வீடு இணையம் வந்துவிட்டதால் பாவா கடையில் கூட்டமே இல்லை. கல்பனாவும் லீவில் வந்திருந்தாள். சென்னையில் ரீசார்ஜ் கடையில் போன் நம்பரைச் சத்தமாகச் சொல்லப் போய், பக்கத்தில் நின்ற எவனோ குறித்துக்கொண்டு தினமும் கூப்பிட ஆரம்பித்துவிட்டானாம். அந்த நம்பரையே விட்டுவிட்டாளாம். பாவா அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

இப்போது பிரவுசிங் சென்டரை மூடிவிட்டு ரீசார்ஜ் கடை போடப் போகிறார். வாயைத் திறந்து நம்பரைச் சொல்ல வேண்டாம். கடை போனை வாங்கி நம்பரை நாமே அடித்துக்கொள்ளலாம். காசு ஏறியதும் நம் கண்ணெதிரே அழித்துவிடுவாராம். "ஓடுமா பாவா?" என்று கேட்டேன். "பொண்ணுங்க வருவாங்க நைனா. பயப்படாம வருவாங்க," என்றார்.

சென்னையில் நான் தங்கியிருக்கும் தெருவில் ரீசார்ஜ் கடைக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் பாவா கடை திறக்கும் ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில் பிடித்துப் போய், முதல் ஆளாக நின்று அங்கேதான் ரீசார்ஜ் போடப் போகிறேன். அதுவரை காசு தீர்ந்த போனிலிருந்து வீட்டுக்கு மிஸ்டு கால்தான்.