டார்ச்காரரும் அடுப்படி மூட்டமும்

குன்னூரில் சிறுத்தைக்குப் பயப்படாத ஆட்கள் உண்டு. டார்ச்காரருக்குப் பயப்படாத ஆள் ஒருவர்கூட இல்லை. கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண் பரிசோதனைக்கென்றே படித்தவர். ஆனால் கடைக்குள் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கையில் பேனா டார்ச்சோடு வாசலுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடந்துகொண்டே இருப்பார்.

டீ குடிப்பவர் கண்ணில் டார்ச் அடிப்பார். கல்யாணத்துக்குப் போனவர் மாப்பிள்ளை கண்ணில் அடித்து, முகூர்த்தமே தள்ளிப்போனதாகச் சொல்வார்கள். தள்ளிப்போனது ஐந்து நிமிடம்தான். மாப்பிள்ளை கண்ணாடி போட்டுக்கொண்டு தாலி கட்டினார்.

நான் ஜெகதளா பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் குமாஸ்தா. கண்ணாடியின் கால் ஒடிந்து அவரிடம் போனேன். காலை மட்டும் மாற்றுங்கள் என்றேன். மனிதர் காதில் வாங்கவில்லை. சுவரில் மாட்டிய அட்டையைக் காட்டினார். கடைசி வரிவரை மடமடவென்று படித்துவிட்டு எழுந்தேன். தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"எழுத்தப் படிச்சா மட்டும் ஆச்சுங்களா? கண்ணுக்குள்ள பாக்க வேண்டாமுங்களா?"

எனக்கோ அரை நாள் லீவுதான். எரிந்து விழுந்தேன். என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. எப்போதாவது தலை வலிக்கும், விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரியும், மலையில் மூட்டம் இருந்தால் அப்படித்தான் தெரியும் என்றேன். நடந்துகொண்டிருந்தவர் நின்றார். அவர் நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எந்த விளக்கு என்று கேட்டார். சமையலறை பல்பு என்றேன்.

"ஏனுங்க, மூட்டம் உங்க ஊட்டு அடுப்படிக்குள்ளயுமா எறங்குது?"

பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு கருவி வைத்துப் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, இப்படியே விட்டால் பார்வை போய்விடும் என்றார்.

கடையைப் பூட்டினார். என்னைக் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏற்றிப் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது பேச்சுக்குத்தான். பர்லியார் தாண்டுவதற்குள் டிரைவர் தவிர அத்தனை பேர் கண்ணையும் பார்த்து முடித்துவிட்டார். டிரைவரை மேட்டுப்பாளையத்தில் பஸ் நின்றதும் பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் லேசர் வைத்தார்கள். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். டார்ச்காரருக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், என் மனைவியை எப்போது கடைக்கு அழைத்து வரப்போகிறேன் என்று கேட்டார்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. இப்போதும் மூட்டத்தில் யாராவது டார்ச் அடித்துக்கொண்டு எதிரே வந்தால் நான் ஒதுங்குவதில்லை. நின்று, கண்ணை நன்றாகத் திறந்து காட்டுகிறேன்.