ஐந்து நகரங்களும் எண்ணூற்று எழுபது படிகளும்

அந்த நான்கு நாள் விடுமுறையில் சோபாவை விட்டு எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். சாதாரண முடிவல்ல. பதினோரு மாதமாகப் பொத்திப் பொத்தி வளர்த்த முடிவு. எந்தப் பக்கம் தலை வைப்பது, எந்தத் தலையணையை எங்கே கொடுப்பது என்பது வரை யோசித்து வைத்திருந்தேன்.

மனைவி துணி மடித்துக்கொண்டே என் தலையில் கல்லைப் போட்டாள்.

"என்னங்க, இந்த லீவுக்கு எங்கயாவது போகணும். பழைய ஊருங்களா பார்த்து. கோட்டை, அரண்மனை, அந்த மாதிரி."

"நம்ம வீடே பழசுதானே?"

"கோட்டை இல்லயே."

"நான் கட்டி வச்சிருக்கற மனக்கோட்டை போதாதா?"

"அதை யாருங்க டிக்கெட் வாங்கிட்டு வந்து பார்ப்பா?"

முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் தைரியம் எனக்கு உண்டு. எடுத்துப் பயன்படுத்தினால் தேய்ந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருக்கிறேன். அதனால் மூளையைப் பயன்படுத்துவது என்று தீர்மானித்தேன். அது எப்படியும் சும்மாதான் இருந்தது.

நான் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடுகிறவன். எந்த வண்டி எப்போது கிளம்பி எப்போது வந்து சேர வேண்டும் என்று எழுதுவது என் வேலை. நான் போட்ட அட்டவணையைப் பார்த்துவிட்டு மாற்றல் கேட்ட ஓட்டுநர்கள் உண்டு. முப்பது வருடம் வண்டி ஓட்டியவர்களையே விரட்டிய கை இது. மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பும் ஒரு மனைவியை விரட்டாதா? திட்டம் அவ்வளவுதான். பயண அட்டவணையைப் படித்த மாத்திரத்தில் அவளே பயந்துபோய் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

மறுநாள் அலுவலகத்தில் அரசாங்கத் தாளிலேயே எழுதினேன். நான்கு நாள், ஐந்து நகரம். ஐந்து மணிக்கு எழுந்திருத்தல். ஐந்தரைக்குக் கிளம்புதல். கோட்டை: நானூற்றுப் பன்னிரண்டு படி. ஏற முப்பது நிமிடம், வியக்க ஐந்து நிமிடம், இறங்கப் பதினைந்து நிமிடம். அரண்மனை: நடந்துகொண்டே பார்க்க. சாப்பாடு பத்து நிமிடம், மெல்லுவது உட்பட. இரண்டாம் நகரத்திலிருந்து மூன்றாம் நகரத்துக்கு நான்கு மணி நேரம் பேருந்தில், நின்றபடி. எழுதி முடித்ததும் எனக்கே முட்டி வலித்தது.

மனைவி வரி விடாமல் படித்தாள்.

"ரொம்ப நல்லாருக்கு."

"எது?"

"எல்லாமேதான். ஆனா மூணாவது ஊர்ல ஒன்றரை மணி நேரம் சும்மா கிடக்கே?"

"அது ரயிலுக்குக் காத்திருக்கற நேரம்."

"காத்திருக்கறதுக்கு அவ்வளவு நேரமா? பக்கத்துல ஏதோ ராணியோட கல்லறை இருக்காம். எட்டிப் பார்த்துடலாமே."

எட்டிப் பார்க்க நூற்றுத் தொண்ணூறு படி. சரி, வீம்புக்குப் பேசுகிறாள் என்று நினைத்தேன். வீம்பை உடைக்க ஐந்தாம் நகரத்தில் ஒரு மணிக்கூண்டைச் சேர்த்தேன். இருநூற்று அறுபத்தெட்டு படி, அதுவும் சுழல் படி. மொத்தம் எண்ணூற்று எழுபது என்று கடைசியில் சிவப்பு மையில் எழுதிக் கோடும் போட்டேன்.

"பிரமாதம்! அப்பாகிட்ட காட்டிட்டு வந்துடறேன்."

அப்பா என்றால் அவளுடைய அப்பா. என் மாமனார். கீழ்வீட்டில் இருக்கிறார். நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தொன்று. தினமும் காலையில் எட்டு கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்து, எட்டில்லை எட்டே கால் என்று எல்லோரிடமும் திருத்திச் சொல்கிறவர். அவரிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஒரு மாடி இடைவெளி இருக்கும் வரை.

படி ஏறும் சத்தம் கேட்டது. இரண்டிரண்டு படியாக.

"மாப்ளே! பதினாலு வருஷத்துல இன்னைக்குத்தான் உருப்படியா ஒரு காரியம் பண்ணியிருக்கீங்க!"

"மாமா, படி கொஞ்சம் ஜாஸ்தி..."

"எண்ணூத்தி எழுபதுன்னு போட்டிருக்கீங்க. நம்ப முடியாது. நானே எண்ணிச் சொல்றேன்."

"உங்க வயசுக்கு..."

"என் வயசுக்கா? நீங்க பின்னாடி மெதுவா வாங்க மாப்ளே. மேல நின்னு கை காட்டறேன்."

மறுநாள் சாயங்காலம் பள்ளியிலிருந்து மகள் ஓடி வந்தாள். பன்னிரண்டு வயது.

"அப்பா, அஞ்சு ஊரையும் பத்தி எழுதிட்டு வரேன்னு கிளாஸ்ல சொல்லிட்டேன். டீச்சர் உங்களுக்காக எல்லாரையும் கைதட்டச் சொன்னாங்க!"

என் வாழ்க்கையில் எனக்காக யாரும் கைதட்டியதில்லை. முதல்முறை தட்டியது இதற்காகவா என்று மனசு நொந்து போனது. கடைசி ஆயுதமாக மனைவியைத் தனியே பிடித்தேன்.

"உன் முட்டி தாங்குமா? நல்லா யோசிச்சுக்கோ."

"என் முட்டியப் பத்தி நீங்க கவலைப்பட்டதே போதுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், அட்டவணை போட்டே களைச்சுட்டீங்க. டிக்கெட்ட நானே எடுத்துடறேன்."

இருந்தாலும் எனக்கு நம்பிக்கை போகவில்லை. கிளம்புகிற நேரத்தில் எப்படியும் பின்வாங்குவாள் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். அவள் பாட்டுப் பாடிக்கொண்டு பெட்டி கட்டினாள்.

அந்த நாளும் விடிந்தது. மாமனார் தொப்பியும் அளவு நாடாவுமாகக் கீழே வாசலில் நின்றார். மகள் நோட்டும் பேனாவுமாக அவர் பக்கத்தில் நின்றாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். மனைவி நைட்டியில், தலையை வாரிக்கொள்ளாமல், கால் நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் டிரஸ் மாத்தலையா? ஆறு மணிக்கு வண்டி!"

டிக்கெட்டுகளை நீட்டினாள். எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

"மூணுதான் இருக்கு."

"மூணு பேர்தானே போறீங்க."

"நீ?"

"எண்ணூத்தி எழுபது படிங்க! இந்த முட்டிய வச்சுக்கிட்டு நான் எங்க ஏறறது? என்னால முடியாதுப்பா."

என் காதில் தேன் பாய்ந்தது. பெட்டியை அங்கேயே வைத்தேன்.

"அதானே! நீ இல்லாம எங்களுக்கு என்ன சந்தோஷம்? யாருமே போக வேண்டாம், விட்டுடலாம்!"

"அதெப்படி? அப்பா ரெண்டு வாரமா தூங்கல. குழந்தை ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா."

கீழேயிருந்து குரல் வந்தது. "மாப்ளே! உங்க அட்டவணைப்படி மூணு நிமிஷம் லேட்டு!"

மனைவி ஒரு வாய் டீ குடித்தாள். நிதானமாக என்னைப் பார்த்தாள்.

"நான் பயந்துபோய் வரலைன்னு சொல்லணும்னுதானே அதை எழுதினீங்க? சொல்லிட்டேன். பார்த்துப் போயிட்டு வாங்க."