இரண்டு ஏஸும் ஒரு விடுப்பு விண்ணப்பமும்

குழித்துறை மழைமானி ஒருங்கிணைப்பு அலுவலகத்தில் ஐந்து பேர் வேலை பார்த்தார்கள். மழை பெய்தால் சன்னலை அடைப்பது, நின்றால் திறப்பது, எவ்வளவு பெய்தது என்று வாழை விவசாயிகள் கேட்டால் நாளைக்கு வரச் சொல்வது ஆகியவை அவர்களின் பணிகள். இதற்கு நாலு பேர் போதும் என்று மேலிடம் ஒருநாள் கண்டுபிடித்தது. உபரியான ஒருவர் தருமபுரிக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது.

யார் போவது? வழக்கமாக இதற்கு எம்.எல்.ஏ. கடிதம் போதும். ஐந்து பேரும் ஆளுக்கொரு கடிதம் கொண்டுவந்துவிட்டதால், இணை இயக்குநர் அனில்குமார் புதிய வழி கண்டார். அவர் அப்போதுதான் ஒரு நட்சத்திர ஓட்டலில் மூன்று நாள் தலைமைப் பண்புப் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். அங்கே போக்கர் சீட்டாட்டத்தை வைத்து மனிதர்களை எடைபோடக் கற்றுக்கொடுத்தார்களாம். கையில் முதலில் விழும் இரண்டு சீட்டு கெட்டிச் சீட்டாக இருந்தால் ஒருவர் என்ன செய்கிறார் என்பதில் அவருடைய தலைமைப் பண்பு முழுவதும் வெளிப்பட்டுவிடுமாம். உடனே சுற்றறிக்கை வந்தது: ‘முடிவெடுக்கும் திறன் மேம்பாட்டுப் போட்டி. கடைசியாக வருபவர் தருமபுரி. சமநிலை ஏற்படின் பணியில் இளையவர் தருமபுரி.’

பணியில் இளையவள் பிரீனா. கணவன் ஜெபிஷ் குவைத்தில். ஏழு வயது மகள் இங்கே பள்ளியில். பேத்தியைப் பார்த்துக்கொள்ளும் அம்மையோ வாரம் இரண்டு நாள் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவள். தருமபுரி என்றதும் பிரீனா குவைத்துக்குப் போன் போட்டாள்.

“கெட்டிச் சீட்டு வந்தா பதுங்கப்பிடாது, கேட்டியா?” என்றான் ஜெபிஷ் போனில். “இருக்கியத எல்லாம் நடுவுல தள்ளிரு.”

“எங்க ஆபீசுல ஃபைலத் தவிர வேற எதையும் யாரும் தள்ளினதில்லையே!”

திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் போட்டி. பந்தயச் சில்லு வாங்க மூன்று விலைப்புள்ளிகள் பெறப்படாததால் ஆளுக்கு இருபது புளியங்கொட்டை வழங்கப்பட்டது. மொத்தம் பத்து ஆட்டம். ஆட்டத்துக்கு ஆளுக்கொரு கொட்டை நடுவில் போட வேண்டும்; ஒருவர் மேலும் தள்ளினால் மற்றவர்களும் அதே அளவு தள்ள வேண்டும், அல்லது சீட்டைக் கீழே வைத்து விலக வேண்டும்; கடைசிவரை நிற்பவருக்கு அத்தனையும். இருவர் நின்றால் நடுவில் ஐந்து பொதுச் சீட்டு விரித்து, அவற்றோடு சேர்த்து யார் கை பெரிதோ அவருக்கு. பதிவறை எழுத்தர் கிருஷ்ணமணி மருத்துவ விடுப்பில் இருந்தார். அவர் நாற்காலியில் அவருடைய விடுப்பு விண்ணப்பத்தை வைத்து, பறக்காமலிருக்க மேலே கல்லையும் வைத்து, அதற்கும் சீட்டுப் போட்டார்கள்.

முதல் ஆட்டத்தில் உதவியாளர் சுயம்புராஜுக்கு இரண்டு ராஜா. அதிர்ந்துபோய்க் கீழே வைத்தார். “இம்புட்டு நல்ல சீட்டு எப்படி வந்துதுன்னு ஆடிட்டுல கேட்டா என்ன சொல்லியது?” தட்டச்சர் நேசபாய் தன் சீட்டைப் பார்க்கவே இல்லை, பார்த்தால் பொறுப்பு வந்துவிடும். கண்காணிப்பாளர் ததேயுஸ், எல்லோரும் வைக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வைத்தார். பிரீனாவுக்கு ஏழும் இரண்டும். அவளும் வைத்தாள். சீட்டைக் கீழே வைக்காமல் நின்றது விடுப்பு விண்ணப்பம் மட்டுமே. எனவே ஐந்து கொட்டையும் அதற்கு.

ஒன்பது ஆட்டமும் இப்படியே போயின. விண்ணப்பத்தின் முன் ஐம்பத்தாறு கொட்டை, மற்ற நால்வர் முன் பதினொன்று பதினொன்று. “என்ன ஒரு நிதானம்!” என்று விண்ணப்பத்தைப் பார்த்து வியந்து குறிப்பெடுத்தார் இணை இயக்குநர்.

இன்னும் ஒரே ஆட்டம். இப்படியே முடிந்தால் நால்வரும் சமம். சமம் என்றால் பிரீனாவுக்குத் தருமபுரி. அவள் சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு ஏஸ். அதைவிடக் கெட்டிச் சீட்டு கிடையாது.

விதி ஏழின்படி ஐந்து கொட்டைக்கு மேல் தள்ளக் கண்காணிப்பாளரின் முன் அனுமதி தேவை. கண்காணிப்பாளரோ எதிரே உட்கார்ந்து ஆடுகிறவர். வேறு வழியில்லாமல் அவரிடமே சீட்டைக் காட்டினாள்.

ததேயுஸுக்கு வியர்த்துவிட்டது. “மோசமான சீட்டுன்னா இப்பமே கீழ வையின்னு சொல்லிருவேன். இது நல்ல சீட்டாக்கும். நல்லதுன்னா நடவடிக்கை எடுக்கணுமே.”

“எடுங்க சார்.”

“பாக்கி ரெண்டு ஏஸு யாருட்ட இருக்கு? அவங்களுக்க இசைவுக் கடிதம் வேண்டாமா?”

நேசபாய் அன்று முதல்முறையாகத் தன் சீட்டைப் பார்த்து, தன்னிடம் ஏஸ் இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். சுயம்புராஜும் கொடுத்தார். ததேயுஸ் தமக்குத் தாமே ஒரு சான்று வழங்கி, அதை மேல்நடவடிக்கைக்காகத் தமக்கே அனுப்பிக்கொண்டார். மணி ஒன்றாகிவிட்டது.

பிரீனாவுக்கு வெப்ராளமும் பதற்றமும் தாங்கவில்லை. மகளின் முகம் கண்முன் வந்து நின்றது. “சவம், வாறது வரட்டும்!” என்று அனுமதிக்குக் காத்திராமல் மீதிப் பத்துக் கொட்டையையும் நடுவில் தள்ளினாள்.

மூவரும் பதறிச் சீட்டைக் கீழே வைத்தார்கள். விடுப்பு விண்ணப்பம் மறுப்புத் தெரிவிக்காததால் இசைந்ததாகக் கருதப்பட்டு, அதன் பத்துக் கொட்டையும் உள்ளே வந்தன. பொதுச் சீட்டு ஐந்தும் விரிக்கப்பட்டன. விண்ணப்பத்திடம் இருந்தது நாலும் ஒன்பதும், எதனோடும் சேரவில்லை. பிரீனா ஜெயித்துவிட்டாள்! அவளுக்கு இருபத்தைந்து, மற்ற மூவருக்கும் பத்து. அவள் கண்கள் நிறைந்தன.

இணை இயக்குநர் எழுந்து கை குலுக்கினார். “இந்த ஆபீஸ்ல சொந்தமா முடிவெடுத்த ஒரே ஆள் நீங்கதான். தருமபுரிக்கு இப்படிப்பட்ட ஆள்தான் தேவை.”

“சார், தோத்தவங்கதானே போகணும்?”

“முடிவெடுக்கத் தெரியாதவங்கள அனுப்பினா அந்த மாவட்டம் என்ன ஆகும்மா? இங்கன்னா பரவாயில்ல. இங்க முடிவெடுக்க என்ன இருக்கு?”

பிரீனா வாய்விட்டு அழுதாள். மற்ற மூவரும் மிகுந்த வருத்தத்துடன் பிரிவுபசாரத்துக்குப் பழம்பொரி வாங்கிவரச் சொன்னார்கள்.

அவர்கள் நிம்மதி ஒரு மாதம் நீடித்தது. போட்டி அறிக்கையைப் படித்த மேலிடம், நாற்பத்தைந்து கொட்டையுடன் முதலிடம் பெற்ற விடுப்பு விண்ணப்பம் ஒன்றே அலுவலகத்தை நடத்தப் போதுமானது என்று கண்டு, மூவரையும் உபரியாக அறிவித்தது. கிருஷ்ணமணியின் விடுப்பு பொதுநலன் கருதி நீட்டிக்கப்பட்டது.

உபரியாகித் தருமபுரிக்கே வந்து சேர்ந்த நேசபாய், பிரீனாவின் மேசையருகே உட்கார்ந்து ஊர்க்கதை சொன்னாள். “செவ்வாழைக்காரர் ராஜகுமார் மனு கொண்டு வந்து அந்த லீவு லெட்டருக்கு முன்னால வச்சாராம். கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போயிட்டாராம்.”

“கோவப்படலியாக்கா?”

“எதுக்கு? ‘பதினஞ்சு வருஷமா வாறேன், இன்னைக்குத்தான் ஒருத்தரும் என்னைய வெரட்டல்ல’ன்னு எல்லார்ட்டயும் புகழ்ந்து சொல்லியாராம்.”

பிரீனாவின் முன்னால் ஒரு விவசாயி நெடுநேரமாக நின்றுகொண்டிருந்தார். அவர் மனுவில் எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பிரீனா பேனாவைத் திறந்தாள். கொஞ்சம் யோசித்தாள். மூடி வைத்துவிட்டு, நாளையிலிருந்து பதினைந்து நாளைக்குத் தன் பெயரில் ஒரு விடுப்பு விண்ணப்பம் எழுதித் தருமாறு நேசபாயிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள்.